வெயில் தாராளம், தண்ணீர்தான் சிக்கல்: வேலூர் மொட்டை மாடியில் சோலார் வெந்நீர்

வேலூரில் கத்திரி வெயில் காலத்தில் மதியம் குளிக்க நினைப்பவர்கள் காலையிலேயே இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் கை சுடும். மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியும் வெயிலில் கிடக்கும் குழாயும் சேர்ந்து தண்ணீரைக் காய்ச்சிவிடுகின்றன. அதே தொட்டித் தண்ணீர் மார்கழி விடியலில் உடம்பில் பட்டால் நடுக்கம் எடுக்கிறது. ஜனவரி அதிகாலைகளில் இங்கே வெப்பநிலை 18 டிகிரி அளவுக்கு இறங்கும். வெந்நீர் தேவைப்படும் நேரம் அது. வெயில் இல்லாத நேரமும் அதுவே.

சோலார் வாட்டர் ஹீட்டர் என்று நாம் சொல்லும் கருவி இந்த இடைவெளியைக் கடக்கவே உருவானது. பகலில் விழும் வெப்பத்தைப் பிடிப்பது பாதி வேலை. பிடித்ததை மறுநாள் காலை வரை விடாமல் காப்பது மறுபாதி. இரண்டுக்குமே நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து வீடுகளில் இந்தக் கருவிகள் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துபோய் மாடி மூலையில் நிற்பதைப் பார்க்கலாம். கருவி வாங்கும்போது எத்தனை லிட்டர், எவ்வளவு விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கிறோம். உள்ளே எந்தத் தண்ணீர் போகப் போகிறது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. வடஆற்காட்டு மண்ணில் அந்தக் கேள்விதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கண்ணாடி, செம்பு, தொட்டி

1767ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஒராஸ் பெனடிக்ட் டி சோஸ்யூர் என்ற அறிஞர், கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்து, உள்ளே வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தார். தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டிச் சென்றது. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய தண்ணீர்த் தொட்டிகளைக் கண்ணாடி மேல்மூடி கொண்ட பெட்டிக்குள் அடைத்துக் காப்புரிமை பெற்றார். நம் மாடித் தொட்டிக்கு ஒரு கண்ணாடிக் கூடு போட்டதுபோன்ற அமைப்பு அது. மாலை வரை நன்றாகச் சுட்டது. இரவில் கண்ணாடி வழியாகவே சூடு வெளியேறி, விடிவதற்குள் ஆறிவிட்டது.

1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி அந்த ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்தார். வெயிலைப் பிடிக்க மெல்லிய குழாய்கள் கொண்ட தகடு தனியாக; சூடான நீரைச் சேமிக்க, சுற்றிலும் வெப்பம் கடத்தாத பொருள் போர்த்திய தொட்டி தனியாக. ‘பகலும் இரவும்’ என்ற பொருளில் தன் கருவிக்குப் பெயரும் வைத்தார். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இன்று மாடிகளில் நிற்பவை, பொருள்கள் மாறியிருந்தாலும், அடிப்படையில் பெய்லியின் கருவிதான்.

இவற்றில் பழைய ரகம் தட்டைத் தகட்டு வகை. சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட அலுமினியச் சட்டம். மேலே கடினப்படுத்திய கண்ணாடி. உள்ளே விரலளவு செப்புக் குழாய்கள் வரிசையாக நிற்க, அவற்றோடு செப்புத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அடியில் வெப்பம் கீழே கசியாமல் காக்க, கல்நார்ப் பஞ்சு போல் தோன்றும் ராக்வூல் அடுக்கு. தகட்டின் கறுப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சாதாரணக் கறுப்பு வண்ணம் வெயிலை நன்றாக உறிஞ்சும். சூடேறியதும் அதே வேகத்தில் வெப்பத்தை வெளியே கதிர்வீசவும் செய்யும். 1950களில் இஸ்ரேலில் ஹாரி ட்சுவி டேபர் உருவாக்கிய பூச்சு முறை, உறிஞ்சுவதைக் குறைக்காமல் கதிர்வீச்சை மட்டும் பெருமளவு தடுத்தது. மேலே இருக்கும் கண்ணாடியும் அப்படித்தான். வெயிலை உள்ளே விடுகிறது. சூடான தகடு வீசும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விடுவதில்லை.

தகட்டில் சூடான நீர் தொட்டிக்கு எப்படி ஏறுகிறது? மோட்டார் கிடையாது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 996 கிராம் எடை. 60 டிகிரியில் 983 கிராம். பதின்மூன்று கிராம் வித்தியாசம்தான் இந்தக் கருவியின் மோட்டார். சூடான நீர் இலேசாகி மேலே தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் அடியிலிருந்து கனமான குளிர்நீர் தகட்டின் அடிப்பக்கத்துக்கு இறங்குகிறது. வெயில் ஏறினால் ஓட்டமும் வேகமெடுக்கும். மேகம் மறைத்தால் தானே நின்றுவிடும். இதற்காகத்தான் தட்டைத் தகட்டு வகையில் தொட்டியைத் தகட்டுக்கு மேலே, சுமார் ஓர் அடி இடைவெளி விட்டு வைக்கிறார்கள். இடம் இல்லை என்று தொட்டியைத் தாழ்த்தி வைத்தால் இரவில் ஓட்டம் திரும்பிவிடும்: தொட்டியில் சேர்ந்த வெந்நீர் குளிர்ந்த தகட்டுக்கு வந்து, இருக்கிற சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும்.

புதிய ரகம் வெற்றிடக் குழாய் வகை. கடைத்தெருவில் இன்று பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய். இடையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். 1892இல் ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய பிளாஸ்க்கின் தத்துவம்தான். உள்குழாயின் வெளிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு. வெயில் வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே வரும். வெப்பம் அந்த வெற்றிடத்தைத் தாண்டி வெளியே போக வழியில்லை. வெயிலில் நிற்கும் இந்தக் குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் அவ்வளவாகச் சுடாது. உள்ளே நீர் தகித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழாயிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். மேல்பக்கச் சுவரை ஒட்டிச் சூடான நீர் தொட்டிக்கு ஏற, அடிப்பக்கச் சுவரை ஒட்டிக் குளிர்ந்த நீர் இறங்க, ஒரே குழாய்க்குள் இரு வழிப் போக்குவரத்து நடக்கிறது.

குழாயின் அடி நுனியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் கண்ணாடி மின்னும். பேரியம் என்ற உலோகப் படலம் அது. வெற்றிடத்துக்குள் கசியும் வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அந்த வெள்ளி மங்கிப் பால் வெள்ளையாகிவிடும். வெந்நீர் குறைந்துவிட்டது என்று ஆளை அழைக்கும் முன் மாடிக்குப் போய் எத்தனை நுனிகள் வெளுத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிடலாம். வெளுத்த குழாய் வெறும் கண்ணாடிதான்; அதை மாற்றியே ஆக வேண்டும்.

நூறு லிட்டர் போதுமா?

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 200 லிட்டர் வேண்டும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 டிகிரி வெந்நீரில் ஏறக்குறைய அதே அளவு 25 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 42 டிகிரி வரும். குளிக்க இதமான சூடு அது. ஒருவருக்கு இருபது லிட்டர் வாளி ஒன்று என்றால் நால்வருக்கு 80 லிட்டர்; அதில் வெந்நீர் 40 லிட்டர்தான். பாத்திரம் கழுவவும் பெரியவர்களுக்குக் கால் கழுவவும் எடுத்தாலும் நூறு லிட்டரில் மிச்சமிருக்கும். ஷவரில் நீண்ட நேரம் நிற்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

நூறு லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற நான்கு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான ஆற்றல் வேண்டும். இரண்டு கிலோவாட் கீசர் என்றால் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். தமிழ்நாட்டின் இந்தப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நல்ல வெயில் நாளில் ஐந்து யூனிட்டுக்கு மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் தகட்டில் பத்து, பதினோரு யூனிட். அதில் பாதி தண்ணீரில் சேர்ந்தாலே போதும். நூறு லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் தகடு, அல்லது பத்து வெற்றிடக் குழாய் என்று வைப்பது இந்தக் கணக்கில்தான்.

தேவைக்கு மேல் பெரிதாக வைப்பதில் பணம் வீணாவதோடு இன்னொரு தீமையும் இருக்கிறது. எடுக்காமல் நிற்கும் நீர் மேலும் மேலும் சூடேறும். ஏப்ரல், மே மாதங்களில் 80 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 60 டிகிரி நீரே ஐந்தாறு நொடியில் தோலைப் புண்ணாக்கும். 70 டிகிரிக்கு ஒரு நொடி போதும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையைக் கண்டிப்பாகப் பழக்க வேண்டும். உடம்புக்கு வரும் ஆபத்து இது. கருவிக்கு வரும் ஆபத்துக்குத் தண்ணீருக்குள் போக வேண்டும்.

போர் தண்ணீரின் வேலை

வேலூரைச் சுற்றியிருப்பது கருங்கல் பாறை. ஆழ்துளைக் கிணற்றில் கிடைக்கும் நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் ஊறிக் கிடந்தது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்து கடினமாகியிருக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரையறுத்து, வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது.

கடினநீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். உப்பும் சர்க்கரையும் சூடாக்கினால் கூடுதலாகக் கரையும். இதுவோ சூடாக்கினால் சிதைகிறது. கரியமில வாயு பிரிந்துபோக, கரையாத கால்சியம் கார்பனேட் கல்லாக இறங்குகிறது. நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு கூடுதலாக இறங்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நூறு லிட்டர் வீதம் ஆண்டுக்கு 36,500 லிட்டர் கருவி வழியாகப் போகும். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு 18 கிலோவுக்கு மேல். பத்தில் ஒரு பங்கு மட்டும் படிந்தாலும் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் குறையாது. அது போய் உட்காரும் இடம், கருவியில் மிக அதிகமாகச் சூடாகும் இடம்: விரலளவு செப்புக் குழாயின் உட்சுவர்.

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் கழற்றிப் போட்டிருந்த பழைய தகட்டின் செப்புக் குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே செம்பு நல்ல நிலையில் இருந்தது. வெட்டிய முனையில் பார்த்தால் உள்ளே பழுப்பும் வெள்ளையுமாகப் படிவு, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் அடுக்கடுக்காக ஏறி, நடுவில் ஒரு பேனா ரீஃபில் நுழையும் அளவே துளை மிஞ்சியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. பதின்மூன்று கிராம் எடை வித்தியாசத்தில் மெல்ல ஏற வேண்டிய நீர், அந்தத் துளைக்குள் எப்படி ஓடும்? செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டிக்கார உலோகம். அதன் திறனில் நூறில் ஒரு பங்குகூடச் சுண்ணாம்புப் படிவுக்குக் கிடையாது. வெயில் தகட்டைச் சுட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீருக்கு அது போய்ச் சேராது.

இந்த ஊரில் போர் தண்ணீரை நேராக விடுகிற வீட்டுக்குத் தட்டைத் தகட்டு வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெற்றிடக் குழாய் அகலமானது, உட்சுவர் வழவழப்பான கண்ணாடி. படிவு பெரும்பாலும் பொடியாக உதிர்ந்து குழாயின் அடியில் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை குழாயைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவிவிடலாம். தகட்டு வகைதான் வேண்டும் என்றால் வெப்பமாற்றி வைத்த மாதிரியைக் கேட்க வேண்டும். தகட்டுக்குள் ஒரே நல்ல நீர் திரும்பத் திரும்பச் சுற்றும். வீட்டுத் தண்ணீர் அதைத் தொடாமல் வெளியிலிருந்து சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். விலை கூடும், ஆயுளும் கூடும்.

சுண்ணாம்பு ஒரு பக்கம் என்றால் பாலாற்றங்கரைக்கு இன்னொரு சுமை உண்டு. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் வளர்ந்த கதை ஊரறிந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் கல்லுப்பு தடவி வைப்பார்கள். அதைக் கழுவிய நீர் பல பத்தாண்டுகள் நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தீர்ப்பு வந்துவிட்டாலும் நிலத்தடி நீரில் இறங்கிய குளோரைடு அத்தனை எளிதில் வெளியேறாது. அந்தக் குளோரைடுக்கும் நம் மாடித் தொட்டிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

வெந்நீர்த் தொட்டியின் உள்பாத்திரம் பெரும்பாலும் 304 ரக எவர்சில்வர். துருப்பிடிக்காதது என்று அதற்குப் பெயர். ஆனால் குளோரைடு மிகுந்த வெந்நீரில் அதன் பாதுகாப்புப் படலம் புள்ளி புள்ளியாக உடையும், குறிப்பாகப் பற்றவைத்த மூட்டுகளில். ஊசிமுனை அளவு ஓட்டை போதும். கசியும் நீர் வெளியே இருக்கும் நுரைக்காப்பில் ஊறி, தொட்டி சூட்டைக் காத்து வைக்கும் திறனே போய்விடும். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் 304 ரகத்தை நம்ப வேண்டாம் என்பது துறையில் உள்ளவர்களின் பொதுவான கணக்கு. அங்கே மாலிப்டினம் சேர்த்த 316 ரகம், அல்லது உள்ளே எனாமல் பூசிய எஃகுத் தொட்டி தேவை. எனாமல் தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி தொங்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. கரைந்து தீர்ந்ததும் மாற்றாவிட்டால் அடுத்துத் தொட்டி அரிபடும். இந்தக் கம்பி இருப்பதே பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

முதலில் செய்ய வேண்டியது, நம் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிப்பது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தித் தெரிந்துகொள்ளலாம். மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு இரண்டும் எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சின் போக்கே மாறும்.

அதைவிட நல்ல வழி ஒன்று பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மேட்டூர்ப் பக்கமிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் மிக மென்மையானது. அதைக் கீழ்த்தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்து மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். சோலாருக்கென்று இருநூறு, முந்நூறு லிட்டரில் சிறு தொட்டி ஒன்றை மாடியில் தனியாக வைத்து, காவிரித் தண்ணீரை மட்டும் அதில் ஏற்றினால் இதுவரை சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கழிவறைக்கும் செடிக்கும் போர் தண்ணீர் போதும்.

உயரமும் குழாயும்

வீடுகளில் வைக்கும் சாதாரண மாதிரி அழுத்தம் தாங்காதது. பச்சைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீர் தானாக இறங்கித்தான் உள்ளே நிரம்ப வேண்டும். அதனால் அந்தத் தொட்டியின் அடிமட்டம் வெந்நீர்த் தொட்டியின் தலையைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். மாடித் தளத்திலேயே உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை மாற்றாமல் சோலாரை மட்டும் வாங்கினால், தண்ணீர் ஏறாது. மேடை கட்டும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு காற்றுப் போக்குக் குழாய், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நிறைமட்டத்துக்கும் மேலே வரை நிற்கும். கொசு வருகிறது, தூசி விழுகிறது என்று அதை யாராவது அடைத்துவிட்டால் ஆவி வெளியேற வழியின்றித் தொட்டி உப்பும். தண்ணீர் வடியும்போது காற்று புகாமல் உள்ளே ஒடுங்கும். குளியலறை அழுத்தத்துக்காக பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீட்டில், அதற்கேற்ற மாதிரியைத்தான் வாங்க வேண்டும்.

வெந்நீருக்கு, சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாய்தான். சாதாரண வெள்ளை பிவிசி 60 டிகிரியிலேயே தளர்ந்து வளையும். மாடியில் வெயிலும் மழையும் படும் இடங்களில் குழாய்க்கு உறை போட வேண்டும். உறையில்லாத குழாய் மார்கழிக் காலையில் தொட்டியின் உழைப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தூரமும் முக்கியம். முக்கால் அங்குலக் குழாய் மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்குப் பதினைந்து மீட்டர் வந்தால், அதற்குள் நிற்கும் ஆறிய நீர் ஏறக்குறைய நான்கு லிட்டர். ஒவ்வொரு காலையும் வெந்நீர் வருவதற்கு முன் அந்த நான்கு லிட்டர் ஓட வேண்டும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருக்களில் அதைச் சாக்கடையில் விடுவது பாவம். ஒரு வாளியை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். வீடு கட்டும்போதே குளியலறையைத் தொட்டிக்கு நேர் கீழே அமைப்பது இன்னும் நல்லது.

கருவி தெற்குப் பார்த்து நிற்க வேண்டும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். டிசம்பர் 21 நண்பகலில் தெற்கு வானில் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வெந்நீர் தேவைப்படுவது குளிர்காலத்தில் என்பதால், அட்சத்தோடு பத்து முதல் பதினைந்து டிகிரி கூட்டி, 23 முதல் 28 டிகிரிச் சாய்வில் வைப்பது சரி. கோடையில் இது சிறிது வெயிலை இழக்கும். அது நமக்கு நல்லதே.

கோடையைப் பற்றி இன்னொன்று. மார்ச் முதல் ஜூன் வரை வெந்நீர் எடுக்க ஆளில்லாமல் கருவி முழு வேகத்தில் வேலை செய்யும் காலம்தான் சுண்ணாம்பு கொட்டும் காலமும். நின்றுபோன நீர் தன்னிடமுள்ளதை எல்லாம் இறக்கிவிடும். ஆவியாகப் போனதற்குப் பதில் புது உப்புநீர் ஏறும். குழாய்களில் பாதிக்கு மேல் சாக்கையோ தென்னங்கீற்றையோ போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி பிறக்கும்போது எடுத்தால் போதும். தண்ணீர்ப் பஞ்சத்தில் தொட்டி வற்றிவிட்டால் மூடுவது கட்டாயம். காலிக் குழாயின் உட்பக்கம் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். மதியம் மோட்டாரைப் போட்டுக் குளிர்ந்த நீரை விட்டால் கண்ணாடி படபடவென்று வெடித்துவிடும். வற்றிய கருவியை இரவிலோ விடிவதற்கு முன்போ மட்டும் நிரப்ப வேண்டும்.

யாருக்கு இலாபம்?

ஆண்டு முழுவதும் கீசர் ஓடும் என்று வைத்துக்கொண்டு இரண்டே ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. வேலூர்க் குடும்பம் வெந்நீர் தேடுவது ஐப்பசி முதல் மாசி வரை. மீதி மாதங்களில் கைக்குழந்தைக்கும் மூட்டுவலிக்காரருக்கும் மட்டும். அதிலும் கார்த்திகை மழை நாட்களில் மேகம் மூடினால் கீசரைத்தான் போட வேண்டும். ஆகவே வீட்டுக்குப் பணம் திரும்ப விளம்பரக் காலத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம். மின்கட்டண முறையில் உள்ள ஓர் அம்சம் சோலாருக்குக் கைகொடுக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கீசர் நாளுக்கு இரண்டு, மூன்று யூனிட் எடுத்தால் இரண்டு மாதத்தில் 120 முதல் 180 யூனிட். அந்த எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டுக்கு அதைத் தவிர்ப்பது பெரிய தொகை.

மின்சாரம் தரும் சோலார் தகட்டையும் வெந்நீர் தரும் கருவியையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது மின்தகட்டுக்கு மட்டும். மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். வெந்நீர்க் கருவி பாதியை வெப்பமாக்கும். அதே பரப்பில் வெந்நீருக்கு வெந்நீர்க் கருவியே வலியது. இருந்தும் மின்தகடு மே மாதத்தில் சும்மா இருப்பதில்லை. மின்விசிறியும் குளிர்சாதனமும் அதில் ஓடும். மாடியில் நல்ல இடமும் மின்தகடு வைக்கும் எண்ணமும் உள்ள குடும்பம் முதலில் அதைச் செய்துவிட்டு, குளிர்காலக் காலைகளுக்குச் சிறு கீசரை வைத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளின் நிலை வேறு. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். அறுவை முடிந்தவருக்கு உடம்பு துடைக்கக் கோடையிலும் வெந்நீர் வேண்டும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, நாள் முழுவதும் தேவை இருக்கிறது. எடுக்க எடுக்க நீர் அதிகச் சூடேறாமல் ஓடுவதால் கருவிக்கும் நல்லது. மாணவர் விடுதிகளுக்கும், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் குளிர் காற்று வீசும் ஏலகிரி மலை விடுதிகளுக்கும் இதே கணக்குத்தான். இந்த இடங்களில் சோலார் வைக்காமல் கீசருக்கு மின்கட்டணம் கட்டுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

வைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மூடியிருந்த குழாய்களைத் திறக்கும் ஐப்பசியில், சுத்தம் செய்துவிட வேண்டும். தொட்டியின் அடி வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றுவது, குழாயின் அடியில் சேர்ந்த வெள்ளைப் பொடியைக் கொட்டுவது, தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றுவது, மக்னீசியக் கம்பியைப் பார்ப்பது எல்லாம் அரை நாள் வேலை. கெட்டியாகப் பிடித்த படிவைக் கரைக்கச் சிலர் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையே கொண்டுவருவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு எவர்சில்வர்த் தொட்டியைத் தின்றுவிடும். மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவிட்டால் நேரம் கூடுதலாகும், படிவு கரைந்துவிடும். பிறகு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசி, அன்று மாலை இருட்டிய பின் தொட்டியை நிரப்புங்கள்.